இறால் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்: செடித் தொட்டியில் நன்னீர் இறால் வளர்ப்பு, படிப்படியாக

செடிகள் நிறைந்த சின்னத் தொட்டியில் சிவப்புச் சிவப்பாக இறால்கள் மேய்வதைப் பார்த்து ஆசைப்பட்டு, தொட்டி, மண், செடி, இறால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் தினமும் ஒன்றிரண்டு சாகத் தொடங்கும், காரணம் தெரியாமல் மருந்து ஊற்றுவார்கள், மீதியும் போய்விடும். இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை நோயால் வருவதில்லை. தொட்டி தயாராவதற்கு முன்னால் இறாலை விடுவதாலும், விட்ட பிறகு தண்ணீரைச் சட்சட்டென்று மாற்றிக்கொண்டே இருப்பதாலும்தான் வருகின்றன.

எனக்கு இந்தத் தகவல்கள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. விற்பவர் ஒன்று சொல்வார், வளர்ப்பவர் வேறொன்று சொல்வார், டப்பாவில் மூன்றாவதாக ஒன்று அச்சிட்டிருக்கும். எது முதலில், எது அடுத்தது என்று ஒழுங்குபடுத்திக்கொள்ளவே எனக்கு வெகுநாள் பிடித்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தொட்டியில் தண்ணீர் நிரப்பும் நாளுக்கும் இறாலை விடும் நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்க வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்றால் மேலே படியுங்கள்.

1. எந்த இறால் என்று முடிவு செய்யுங்கள்

முதல் தடவை வளர்க்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: செர்ரி இறால். அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. கடையில் சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு, கருப்பு என்று வெவ்வேறு பெயரில் விற்கும் இறால்களில் பல இந்த ஒரே இனத்தின் நிறங்கள்தான். பிஎச் 6.5 முதல் 8 வரை, வெப்பநிலை 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை சமாளித்துக்கொள்ளும். பெண் சுமார் 3 செ.மீ. வளரும், ஆண் கொஞ்சம் சின்னது. ஆயுள் ஒன்றிலிருந்து இரண்டு வருடம்.

கிரிஸ்டல் ரெட், பீ இறால் போன்ற காரிடினா வகைகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் அவற்றுக்குப் பிஎச் 6 சொச்சத்தில் நிற்கும் மென்மையான தண்ணீர், அதற்கென்றே விற்கும் மண், 24 டிகிரிக்கு மேல் போகாத வெப்பம் எல்லாம் வேண்டும். செலவும் கூடுதல், தவறினால் மன்னிப்பும் கிடையாது. ஒரு வருடம் செர்ரி வளர்த்துவிட்டு அங்கே போங்கள்.

அமானோ இறால் பாசி தின்பதில் கெட்டிக்காரன், 5 செ.மீ. வரை வளரும். ஆனால் அதன் குஞ்சுகள் வளர உப்புத் தண்ணீர் வேண்டும் என்பதால் வீட்டு நன்னீர்த் தொட்டியில் பெருகாது. பெருக வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்து வாங்கினால் அழகாக இருக்கும் என்று தோன்றும். அவை எல்லாம் ஒரே இனம் என்பதால் ஒன்றோடொன்று சேரும், சில தலைமுறைகளில் பழுப்பும் மங்கலுமாகக் குஞ்சுகள் வர ஆரம்பிக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும்.

2. உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது, எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

நான்கு எண்கள் தெரிய வேண்டும். பிஎச் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜிஎச் என்பது தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு இருக்கிறது என்பது. இறால் தன் மேலோட்டைக் கட்டுவது இவற்றால்தான், அதனால் பிஎச்சைவிட ஜிஎச்சுக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். செர்ரி இறாலுக்கு ஜிஎச் 6 முதல் 12 டிகிரி வரை நல்லது. (ஒரு டிகிரி என்பது சுமார் 18 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 18 பங்கு. உங்கள் டெஸ்ட் கிட் பிபிஎம்மில் காட்டினால் 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.) கேஎச் என்பது பிஎச் திடீரென்று சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டின் அளவு, 2 முதல் 8 வரை இருக்கலாம். கடைசியாக டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை, 150 முதல் 300 வரை.

டிடிஎஸ் மீட்டர் மலிவு, அதனால் அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீர் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த மீட்டருக்குக் கால்சியமும் சமையல் உப்பும் ஒன்றுதான். வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் உப்பு இயந்திரம் இருந்தால் இந்தப் பொறியில் கட்டாயம் விழுவீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. டிடிஎஸ் குறையாது, ஜிஎச் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், இறால் தோல் உரிக்கும்போது சாகும். அந்த இயந்திரத்துக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் பிடியுங்கள்.

உங்கள் ஊரில் குடிநீர் வழங்கும் அமைப்பு தண்ணீர்த் தர அறிக்கை வெளியிடுகிறதா என்று பாருங்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கடினத்தன்மை, செம்பு, கிருமிநீக்கத்துக்குக் குளோரின் போடுகிறார்களா குளோரமின் போடுகிறார்களா என்பது. குளோரின் என்றால் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, அதை நீக்கும் டீகுளோரினேட்டர் என்ற திரவம் கட்டாயம், அதுவும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகையாக இருக்க வேண்டும். ஏனென்றால் குளோரமின் உடையும்போது அம்மோனியா மிஞ்சும்.

தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் ஆர்ஓ தண்ணீர் கலக்கலாம். கணக்கு எளிது: குழாய்த் தண்ணீர் ஜிஎச் 20, அதில் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தால் ஜிஎச் 10. வெறும் ஆர்ஓ தண்ணீரில் இறாலை விடாதீர்கள், அதில் ஓடு கட்ட எதுவுமே இல்லை. முழுக்க ஆர்ஓ தண்ணீர்தான் என்றால் இறாலுக்கென்று விற்கும் தாது உப்பைக் கலந்து ஜிஎச் 6-8க்குக் கொண்டுவர வேண்டும். செர்ரிக்கு ஜிஎச், கேஎச் இரண்டையும் ஏற்றும் உப்பு, காரிடினாவுக்கு ஜிஎச்சை மட்டும் ஏற்றும் உப்பு. டப்பாவை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

3. என்னென்ன வாங்க வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

தொட்டி 20 லிட்டருக்குக் குறையக் கூடாது, 40 லிட்டர் என்றால் இன்னும் நிம்மதி. சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள், அதில் தண்ணீரின் குணம் ஒரே நாளில் மாறிவிடும். பழைய தொட்டி வாங்கலாம், நல்ல மிச்சம். ஆனால் அதில் முன்பு மீன் மருந்து ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டியின் மண்ணையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கூடவே வாங்கி வராதீர்கள்.

ஃபில்டருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். விலையும் குறைவு, குஞ்சுகளை இழுக்காது, ஸ்பாஞ்சின் மேலேயே இறால்கள் நாள் முழுக்க மேயும். வேறு வகை ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாயில் நெருக்கமான ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். பிறந்த குஞ்சு சுமார் 2 மி.மீ.தான் இருக்கும்.

அடியில் போட, செர்ரி இறாலுக்குச் சாதாரணச் சரளைக் கல்லோ மணலோ போதும். விலை கூடிய ஆக்டிவ் மண் பிஎச்சைக் கீழே இழுக்கும், அது காரிடினாவுக்குத்தான் தேவை. அதுவும் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். கரையும் சுண்ணாம்புக் கல், சிப்பி, பவளத் துண்டு போன்றவற்றை அழகுக்காகப் போட்டால் ஜிஎச்சும் கேஎச்சும் ஏறிக்கொண்டே போகும்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டெஸ்ட் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச், ஜிஎச், கேஎச் இத்தனையும் தண்ணீரில் திரவத்தைச் சொட்டுவிட்டுச் சோதிக்கும் வகையில் வாங்குங்கள். காகிதப் பட்டையில் நிறத்தைப் பார்த்து 0வா 0.5ஆ என்று பிரித்துச் சொல்ல முடியாது, அந்த வித்தியாசம்தான் இங்கே உயிர். கிட் வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். நைட்ரேட் கிட்டில் நன்றாகக் குலுக்கச் சொல்லும் புட்டியை உண்மையாகவே நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் குறைத்துக் காட்டும்.

மொத்தச் செலவைப் பார்த்தால் இறாலின் விலை அதில் சின்னப் பங்குதான். தொட்டி, விளக்கு, கிட் மூன்றும்தான் பெரியவை, அவை ஒரு தடவைச் செலவு. மாதாமாதம் வருவது மின்சாரமும் கொஞ்சம் டீகுளோரினேட்டரும் தீவனமும். ஹீட்டர் வாங்க வேண்டுமா என்பது அறையைப் பொறுத்தது, அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் தேவையில்லை. வெப்பமான அறைதான் உண்மையில் கஷ்டம். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், தண்ணீர் வேகமாக ஆவியாகும், அதைப் பற்றி ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

4. செடிகள், அவற்றோடு வரும் விஷம்

ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகொரைன், மேலே மிதக்கும் ஏதாவது ஒரு செடி. இவ்வளவு இருந்தால் போதும். இவற்றில் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் ஜாவா மாஸ் வாங்குங்கள். குஞ்சுகள் ஒளிவதும் மேய்வதும் அதில்தான். இந்தச் செடிகளுக்குக் கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை, முதல் தொட்டியில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் இறால் மூச்சுத் திணறும்.

செடிப் பண்ணைகளில் நத்தை, பூச்சி வராமலிருக்கப் பூச்சிமருந்து தெளிப்பது உண்டு. மீனுக்கு ஒன்றும் ஆகாது, இறால் ஒரே இரவில் மொத்தமாகச் சாகும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் புதுச் செடி வைத்த மறுநாள் இறால்கள் துடித்து விழுந்தால் காரணம் அநேகமாக இதுதான். எனவே புதுச் செடியை வாளித் தண்ணீரில் ஒன்றிரண்டு வாரம் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள். டிஷ்யூ கல்ச்சர் என்று மூடிய கிண்ணத்தில் ஜெல்லோடு விற்கும் செடிகளில் பூச்சிமருந்தும் இருக்காது, நத்தையும் இருக்காது. ஜெல்லைக் கழுவிவிட்டு நேராக வைக்கலாம். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

தொட்டி காலியாக இருக்கும்போதே எல்லாச் செடியையும் நட்டுவிடுங்கள். அடுத்த படி முடிவதற்குள் அவை வேர்பிடித்துவிடும்.

5. தொட்டி பழுக்கட்டும்

அவசரப்படுகிறவர்கள் விழும் இடம் இது. கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் இறாலுக்கு விஷம், மூன்றாவது 20 பிபிஎம்முக்குள் இருந்தால் தொல்லையில்லை. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் கிடையாது. அவை ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் குடியேறிப் பெருகத்தான் நாள் வேண்டும், பொதுவாக 4 முதல் 6 வாரம்.

செய்முறை இதுதான். குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியா அளவு 2 பிபிஎம் வரும்படி அம்மோனியம் குளோரைடு போடுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுக விடலாம், கொஞ்சம் அசிங்கமான வழி, ஆனால் வேலை செய்யும். ஆக்டிவ் மண் போட்டிருந்தால் அதுவே அம்மோனியா விடும், நீங்கள் தனியாகப் போட வேண்டாம். மூன்று நாளுக்கு ஒரு தடவை சோதித்துக் குறித்து வையுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், அது உச்சத்தில் பல நாள் நின்று உங்கள் பொறுமையைச் சோதிக்கும், பிறகு ஒருநாள் மளமளவென்று இறங்கி நைட்ரேட் ஏறும். 2 பிபிஎம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யமானால் இந்தக் கட்டம் முடிந்தது. பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிடுங்கள்.

தெரிந்தவரின் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும்.

இப்போது எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் இறால் விடாதீர்கள். நுண்ணுயிர்கள் வந்துவிட்டன, சாப்பாடு இன்னும் வரவில்லை. இறால் நாள் முழுக்கக் கல்லையும் இலையையும் கொறித்துக்கொண்டே இருப்பது அங்கே படரும் வழவழப்பான மெல்லிய படலத்துக்காக. பாக்டீரியா, பாசி, நுண்ணிய உயிர்கள் எல்லாம் சேர்ந்தது அது. நீங்கள் போடும் தீவனத்தைவிட இதுதான் அவற்றுக்கு முக்கியமான உணவு, குஞ்சுகளுக்கோ இதைவிட்டால் வேறு உணவே கிடையாது என்று சொல்லலாம். இந்தப் படலம் நன்றாகப் படர இன்னும் இரண்டு முதல் நான்கு வாரம் விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியவிட்டுக் காத்திருங்கள். கண்ணாடியில் லேசாகப் பச்சை படர்ந்தால் தேய்த்துவிடாதீர்கள். முன்பக்கத்தை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள், மற்ற மூன்று பக்கமும் இறாலுக்கு.

6. வாங்கும் நாள்

குறைந்தது 10 முதல் 15 வாங்குங்கள். ஐந்தாறு வாங்கினால் எல்லாம் ஒரே பாலாக அமைந்துவிடலாம், கூட்டம் இல்லாததால் ஒளிந்துகொண்டும் இருக்கும். பெரிதாக, நிறம் ஏறிய இறால்களைப் பொறுக்கி எடுக்கத் தோன்றும். அவற்றில் பல ஏற்கெனவே பாதி ஆயுளைக் கடந்தவை. ஒன்றரை செ.மீ. அளவுள்ள இளசுகள் புதுத் தண்ணீருக்குச் சுலபமாகப் பழகும். வெளியூரிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியவற்றைவிட, பக்கத்தில் ஒருவர் வீட்டுத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அவற்றையே வாங்குங்கள்.

விற்பவரிடம் பிஎச், ஜிஎச், டிடிஎஸ், வெப்பநிலை நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "நார்மல் வாட்டர்தான் சார்" என்று மட்டும் சொன்னால், அவரிடம் அந்த எண்கள் இல்லை என்று அர்த்தம். பை தண்ணீரை வீட்டில் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். தபாலில் வரவழைத்தால், உயிரோடு வந்து சேரும் உத்தரவாதம் உண்டா, செத்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை முன்னாலேயே கேளுங்கள். பெரும்பாலும் பையைத் திறப்பதற்கு முன் எடுத்த படம் கேட்பார்கள், அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். நாடு விட்டு நாடு வரவழைப்பதாக இருந்தால் உயிரினங்களுக்கான அனுமதி விதிகளைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

7. சொட்டுச் சொட்டாகப் பழக்குங்கள்

இறால் மீனைப் போல் அல்ல. பையை மிதக்கவிட்டு அரைமணி நேரத்தில் கவிழ்ப்பது இங்கே ஒத்துவராது.

பையிலுள்ள தண்ணீரோடு இறால்களைச் சுத்தமான பாத்திரத்தில் விடுங்கள். தொட்டியிலிருந்து ஏர் பம்ப் குழாயை இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி இறுக்குங்கள். பாத்திரத்தில் தண்ணீர் மூன்று மடங்காகும்வரை, ஒன்றரை இரண்டு மணி நேரம், அப்படியே விடுங்கள். அதன்பின் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பாத்திரத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

இரண்டு நாள் பயணம் செய்து வந்த பை என்றால் ஒரு சிக்கல் உண்டு. பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து பிஎச் குறைந்திருப்பதால் அதன் விஷம் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதனால் பாத்திரத்தில் விட்ட உடனேயே அம்மோனியாவைக் கட்டும் டீகுளோரினேட்டர் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அன்று விளக்கு வேண்டாம், தீவனம் வேண்டாம். நிறம் வெளுத்துத்தான் இருக்கும், சில நாளில் திரும்பும். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு செத்தால் பயணக் களைப்பு. அதற்காகத் தண்ணீரை மாற்றவோ மருந்து ஊற்றவோ ஓடாதீர்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று மட்டும் பாருங்கள்.

8. தீவனம்

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். 15 இறாலுக்கு மிளகளவு ஒரு துண்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் தின்று தீர்க்காததை எடுத்துவிடுங்கள். கொதிநீரில் வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு கொடுக்கலாம், பூச்சிமருந்து போகக் கழுவிவிட்டு. காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் அதன்மேல் மேயும், தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமாகும், அது கெடுதல் இல்லை. நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் யாரிடமும் தீவனம் போடச் சொல்லாதீர்கள். பழுத்த தொட்டியில் அவை பட்டினி கிடக்காது, அக்கறையோடு அள்ளிப் போடுகிறவர்தான் ஆபத்து.

9. தண்ணீர் மாற்றுவது

வாரம் 10 முதல் 15 சதவீதம். அதற்கு மேல் வேண்டாம். புதுத் தண்ணீர் அதே வெப்பத்திலும் ஏறக்குறைய அதே டிடிஎஸ்ஸிலும் இருக்க வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும். மீன் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றிப் பழகியவர்களுக்கு இது போதாது என்று தோன்றும். ஆனால் ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினால் இறால் தயாராகும் முன்பே தோல் உரிக்கத் தள்ளப்படும், அதில் சாகும்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிவிடும். அங்கே மறுபடி குழாய்த் தண்ணீரை ஊற்றினால் ஜிஎச் வாரத்துக்கு வாரம் ஏறும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள்.

ஸ்பாஞ்சை எப்போதும் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெல்லப் பிழிந்தால் போதும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வெப்பம், டிடிஎஸ், ஜிஎச், நைட்ரேட், என்ன புதிதாகப் போட்டீர்கள், எத்தனை செத்தன. ஏதாவது கெட்டுப்போனால் காரணம் அநேகமாக அதற்கு முந்தைய பத்து நாள் வரிகளில் இருக்கும்.

10. தோல் உரிப்பு

பெரியவை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, குஞ்சுகள் இன்னும் அடிக்கடி, பழைய ஓட்டைக் கழற்றும். கண்ணாடிபோல வெற்றுக் கூடு ஒன்று கிடந்தால் இறால் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். செத்த இறால் உள்ளே சதையோடு வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். வெற்று ஓட்டை எடுக்க வேண்டாம், அதையே தின்று கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஓடு கழற்றிய இறால் ஓரிரு நாள் செடிக்குள் ஒளிந்திருக்கும், அந்த நேரத்தில் உடம்பு மென்மை.

தலைக்கும் உடம்புக்கும் நடுவில் முழு வளையமாக வெள்ளைக் கோடு தெரிந்தால் ஓடு சரியாகப் பிளக்கவில்லை என்று பொருள், அந்த இறால் பிழைப்பது அரிது. ஒன்றில் பார்த்தால் விடுங்கள். இரண்டு மூன்றில் பார்த்தால் ஜிஎச்சைச் சோதியுங்கள், சமீபத்தில் தண்ணீரை அதிகம் மாற்றினீர்களா என்று நோட்டைப் பாருங்கள். ஜிஎச்சைச் சரிசெய்வதையும் ஒரே நாளில் செய்யாமல் ஒன்றிரண்டு வாரத்தில் சிறுகச் சிறுகச் செய்யுங்கள்.

11. முட்டையும் குஞ்சும்

பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சளாகவோ பச்சையாகவோ சேணம்போல ஒரு திட்டுத் தெரியும். அது உள்ளே வளரும் முட்டை. அடுத்த தோல் உரிப்பு முடிந்ததும் ஆண்கள் எல்லாம் தொட்டி முழுக்கத் தாறுமாறாக நீந்தித் தேடும், இது இயல்பு. (தண்ணீர் மாற்றிய உடனேயே பெண்களும் சேர்ந்து எல்லாமே அப்படிப் பாய்ந்தால் அது வேறு, தண்ணீரில் ஏதோ கோளாறு.) பிறகு 20, 30 முட்டைகள் வால் பக்கத்து நீந்துகால்களுக்கு இடையில் கொத்தாக வந்துவிடும், அம்மா விசிறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரியும், வெப்பம் கூடினால் சில நாள் முன்னால். கடைசி நாட்களில் முட்டைக்குள் கண்கள் கரும்புள்ளியாகத் தெரியும். முதல் தடவை சுமக்கும் பெண் சில நேரம் முட்டைகளை உதிர்த்துவிடும், அடுத்த தடவை சரியாகிவிடும்.

நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். குஞ்சு பிறக்கும்போதே அம்மாவின் அச்சாக இருக்கும், அம்மாவும் தின்னாது. இரண்டு மூன்று மாதத்தில் அதுவே முட்டை சுமக்கும். குஞ்சுகள் பிழைக்க வேண்டுமென்றால் மீன் வேண்டாம். வாயில் நுழைகிற எதையும் மீன் தின்னும், சின்னஞ்சிறிய ராஸ்போரா கூட. ஓரளவு நம்பி விடக்கூடியது பாசி மேயும் ஓட்டோசின்க்ளஸ் என்ற சின்ன மீன் மட்டும்தான். நத்தைகள் பயப்படத் தேவையில்லாத கூட்டாளிகள்.

12. வீட்டுக்குள் இருக்கும் கொலைகாரர்கள்

செம்பு. மீன் மருந்துகள் பலவற்றில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு) தான் வேலை செய்கிறது, மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும் அதே அளவு இறாலையும் கொல்லும். "நத்தைக் கொல்லி" என்று விற்பவையும் அப்படித்தான். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். செடி உரத்திலும் நுண்ணளவு செம்பு இருக்கும், சொன்ன அளவில் போட்டால் அது தொல்லை செய்யாது, பாதி அளவில் தொடங்குங்கள்.

கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே. பலரும் யோசிக்காத இடம் இது. இவற்றில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை மருந்து இருக்கும். பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலித் தொகுதியைச் சேர்ந்தவை, ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது. தொட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம். பக்கத்து அறையில் அடிக்க நேர்ந்தால் கதவைச் சாத்தி, தொட்டியை மூடி, ஏர் பம்ப்பை அந்த நேரம் வேறு அறைக்கு நகர்த்துங்கள். நாய்க்கும் பூனைக்கும் போடும் உண்ணி மருந்து கையில் பட்டிருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். சோப்பு, கிரீம் தடவிய கையும் கூடாது.

நீண்ட நேர மின்வெட்டும் இதில் சேர்த்தி. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவில்லை.

13. கூடவே வரும் பூச்சிகள்

கண்ணாடியில் மெல்லிய வெள்ளை நூல்கள் நெளிந்தால் அது சாதாரணப் புழு, தீவனம் அதிகம் என்று சொல்கிறது, குறைத்தால் போய்விடும். தட்டையாக, முக்கோணத் தலையோடு வழுக்கிக்கொண்டு போவது பிளனேரியா. இது குஞ்சுகளையும் தோல் உரித்த இறாலையும் தாக்கும். இறைச்சித் துண்டு வைத்த பொறியில் பிடிக்கலாம். அதிகமாக இருந்தால் ஃபென்பெண்டசோல் இறாலுக்குக் கெடுதல் செய்யாமல் பிளனேரியாவைக் கொல்லும், ஆனால் நத்தைகள் சில சாகும், முன்னாலேயே அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். செத்த புழுக்களால் அம்மோனியா ஏறுகிறதா என்று தினமும் பாருங்கள்.

இறாலின் மூக்கு நுனியில் வெள்ளையாகச் சின்ன விரல்கள்போல ஆடினால் அது ஸ்குட்டாரியெல்லா என்ற புழு. ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அயோடின் இல்லாத உப்பைக் கரைத்து, அந்த இறாலை 30 நொடி அதில் முக்கி எடுத்துத் திரும்ப விடுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

14. பெருகிய பிறகு

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆறேழு மாதத்தில் 15 இறால் நூறைத் தாண்டும். கொடுக்க ஆள் தேடுங்கள், பழைய தொட்டிக்காரர்கள் இரண்டாவது நிறத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். எந்தக் காரணத்துக்காகவும் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெதுவெதுப்பான நீர் கலக்கும் கில்பாக் ஓடையில் இந்த இறால் குடியேறிப் பெருகியிருக்கிறது. வீட்டில் வளர்க்கும் உயிர் தன் ஒட்டுண்ணிகளையும் கூடவே கொண்டுபோகும், அங்கே ஏற்கெனவே வாழும் இறாலுக்கு அது தெரியாத நோய். தொட்டிச் செடிகளையும் சாக்கடையில் வீசாமல் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கொடுக்கும்போது, முந்தின நாளிலிருந்து தீவனம் போடாமல், பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீரும் மீதி காற்றும் விட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கொத்து ஜாவா மாஸ் போட்டுக் கட்டுங்கள். முட்டை சுமப்பவற்றைக் கொடுக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், பயணத்தில் உதிர்த்துவிடும். பிஎச், ஜிஎச், டிடிஎஸ், வெப்பநிலை நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பையின் மேல் ஒட்டிவிடுங்கள்.